முற்றத்து ஆமையும் முறையான தத்தும்

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கல்லாமை, முயலாமை, பொறாமை போன்ற ஆமைகளைக் குறிக்கிறது என்று மேடையில் விளக்கம் சொல்வார்கள். எங்கள் அக்ரஹாரத்து வீட்டில் புகுந்ததோ இரண்டு ஆமைகள். ஒன்று நட்சத்திர ஆமை, மற்றொன்று அறியாமை.

உறவினர் ஒருவர் ஊரிலிருந்து வரும்போது துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். "கூர்மாவதாரம், வீட்டில் இருந்தால் செல்வம் தங்கும்" என்றார். என் மாமியார் அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்து, துளசி மாடத்தருகே விட்டு, தினமும் தயிர்சாதமும் பாலில் நனைத்த ரொட்டியும் வைத்தார். ஆறு வருடம் அன்பாகத்தான் வளர்த்தோம். ஒரு மழைக்காலத்தில் அது பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. ஓட்டை அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே அமுங்கியது. அப்போதுதான் மருத்துவரிடம் ஓடினோம். அவர் சொன்னவற்றையும் பிறகு நாங்கள் கற்றவற்றையும் இங்கே பாடமாகத் தருகிறேன்.

நட்சத்திர ஆமை எது?

கருத்த ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல் விரியும். கன்னடத்திலும் இதன் பெயர் நட்சத்திர ஆமெதான். காய்ந்த புல்லில் படுத்திருந்தால் அந்தக் கோடுகளே அதை மறைத்துவிடும். ராஜஸ்தான், குஜராத் பக்கமும், ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகத்தின் வறண்ட பகுதிகளிலும், இலங்கையிலும் வாழ்கிறது. புதர்க்காடும் புல்வெளியும் அதன் வீடு. புல், இலை, பூ, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி ஆகியவை அதன் முக்கிய உணவு. பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. இது நிலத்து ஆமை. தொட்டியிலோ கிணற்றிலோ போட்டால் மூழ்கி இறந்துவிடும்.

வீட்டில் என்ன கெடுகிறது?

ஓடு என்பது சட்டைபோல் கழற்றி மாட்டுவது அல்ல. அது முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒன்றாக வளர்ந்த உயிருள்ள உறுப்பு. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நேராக உடலில் பட வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்குப் போதாது. எங்கள் முற்றத்தில் வெயில் ஒரு மணி நேரம்கூட விழாது. சோற்றிலும் ரொட்டியிலும் அதற்கு வேண்டிய சத்தும் நாரும் இல்லை. பால் அதற்குச் செரிக்காது. ஆறு வருடமாக அதன் எலும்பே கரைந்துகொண்டிருந்தது. மைசூரின் மழைக்காலத்துக் குளிர்ந்த, ஈரமான சிமென்ட் தரை சளியையும் கொண்டுவந்தது. ஆமை கத்தாது, அழாது. அதனால் நோய் முற்றும் வரை நமக்குத் தெரிவதில்லை.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். 2019இல் உலக நாடுகளின் சைட்டிஸ் உடன்பாடு இதை முதல் பட்டியலில் சேர்த்து, காட்டிலிருந்து பிடித்த ஆமைகளின் பன்னாட்டு வாணிபத்தைத் தடுத்தது. அழகே இதற்குச் சத்துரு.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள், "இங்கே கைவிடப்பட்ட தாடி ஓணானைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்கே தத்தெடுத்து வரலாமே" என்று கேட்பதுண்டு. அந்த ஆஸ்திரேலிய ஓணான் தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் பிறந்து வளர்வது. நம் ஆமையோ பெரும்பாலும் காட்டிலிருந்து திருடப்படுவது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றைப் பிடிக்கச் சொல்கிறோம் என்று பொருள்.

ஊர் திரும்பிய 51 ஆமைகள்

சிங்கப்பூரில் சட்டவிரோத வளர்ப்பிலிருந்து மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை ஏக்கர்ஸ் என்னும் அமைப்பு பராமரித்து வந்தது. 2018 நவம்பரில் அவை விமானத்தில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தன. வந்தவுடன் காட்டில் விட்டுவிடவில்லை. முதலில் தனியே வைத்து, நோய் உண்டா என்று பார்ப்பது அவசியம். வீட்டில் இருந்த ஆமை ஒரு கிருமியைக் கொண்டுபோனால் காட்டு ஆமைகளும் மடியும். மேலும் வடமேற்கு ஆமைக்கும் தெற்கு ஆமைக்கும் மரபு வேறு. கண்ட இடத்தில் விட்டால் இரண்டும் கலந்துவிடும். பிழைக்க ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். திரும்பிப் போவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியாதா?

கையில் ஆமை வந்துவிட்டால்

1. காற்றுத்துளை இட்ட அட்டைப் பெட்டியில், உலர்ந்த துணி விரித்து, நிழலில் வையுங்கள்.
2. ஆழமில்லாத தட்டில் தண்ணீர், கொஞ்சம் கீரை போதும். சோறு, பால், ரொட்டி வேண்டாம்.
3. ஓட்டில் வண்ணம் பூசாதீர்கள், துளையிடாதீர்கள். அதற்கு வலிக்கும்.
4. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்குத் தரும் கிருமி ஆமையின் உடலில் இருக்கலாம்.
5. குக்கரஹள்ளி ஏரியிலோ சாமுண்டி மலையிலோ நீங்களே விட்டுவிடாதீர்கள்.
6. தாமதிக்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மைசூரில் அசோகபுரத்து அரண்ய பவனை அணுகலாம்.

நாங்களும் பயந்துகொண்டேதான் போனோம். மாமியார் கூடையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. "புண்ணியம்னு நெனச்சுத்தானே செஞ்சேன்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. லட்சுமி அதன்பின் பிழைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

முறையான தத்து

நம் மைசூர் மிருகக்காட்சி சாலை 1892இல் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தொடங்கியது. அங்கே பிராணிகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. பிராணி அங்கேயே இருக்கும். அதன் உணவுக்கும் பராமரிப்புக்குமான தொகையை நாம் குறிப்பிட்ட காலத்துக்குச் செலுத்துகிறோம். பிராணிக்குத் தக்கபடி தொகை மாறும். சிறு பறவை முதல் யானை வரை அவரவர் சக்திக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறந்த நாள், திருமண நாள், பெரியோர் நினைவு நாள் என்று எதையும் இதற்குக் காரணமாக்கலாம். மாமியார் மறைந்தபின் அவர் திதியை ஒட்டி நாங்கள் இதைச் செய்து வருகிறோம். வேளாவேளைக்குச் சரியான உணவு, வெயில், மருத்துவர் என எங்கள் முற்றம் தர முடியாததை அந்த இடம் தருகிறது. அன்பு இருந்தால் மட்டும் போதாது, அறிவும் கூட வர வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. ஆமை ஓட்டுக்கு வெயில் ஏன் தேவை?
2. மீட்கப்பட்ட ஆமையை உடனே காட்டில் விடக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.
3. உன் வீட்டுக்கு யாராவது ஆமை கொண்டுவந்தால் தாத்தா பாட்டிக்கு நீ எப்படி எடுத்துச் சொல்வாய்? ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.