விராலும் செத்ததா?

அன்புள்ள ராயகிரி அண்ணாச்சிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. குளத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். மீன்கள் செத்து மிதந்த அன்று, மீன்பாசி ஏலம் எடுத்தவர் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தவர் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு உங்கள் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

"தண்ணி இப்ப கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கிடக்கு. குஞ்சு விடலாமா?" என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி. அந்தத் தெளிவைத்தான் நான் நம்பவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் கெண்டையும் ஜிலேபியும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியிருக்கின்றன. அதைப் பார்த்தால் எவருக்கும் வயிறு எரியும். ஆனால் என் கண் நின்றது வேறோர் இடத்தில். படத்தின் இடது மூலையில், கோரைக்குள் பாதி மறைந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

விரால் லேசில் சாகாது. தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கிக் காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் அது. தேளியும் அப்படித்தான். கோடையில் குளம் வற்றிச் சேறு மட்டும் மிஞ்சும்போது நாங்கள் சிறுவர்களாகப் போய்த் துழாவுவோம். கெண்டை செத்து நாறிக் கிடக்கும் சேற்றுக்குள்ளிருந்து தேளி உயிரோடு வந்து கையில் குத்தும். பாசி மண்டிய குளத்தில் இரவில் ஆக்சிஜன் குறைந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்; பெரிய மீன்கள் முதலில் மிதக்கும்; விராலும் தேளியும் பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் குளத்தில் நடந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. பொடி மீன் முதலில் போயிருக்கிறது, தவளை போயிருக்கிறது, நத்தை ஓட்டுக்கு வெளியே தொங்கியிருக்கிறது, கடைசியில் விராலும். இது மூச்சுமுட்டல் மாதிரி தெரியவில்லை. விஷம் என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. யார் கொட்டினார்கள் என்று கேட்காதீர்கள். அதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறவனை நம்பவும் நம்பாதீர்கள்.

வாய்க்காலில் யாரோ மருந்து டேங்கைக் கழுவியதாக ஊரில் பேச்சு என்றும், "ஒரு டேங்க் கழுவின தண்ணிக்கா இவ்வளவு பெரிய குளம் சாகும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 சதவீத சைபர்மெத்ரினில், ஒரு மில்லிக்குள் சுமார் 100 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் இருந்தாலே கெண்டை இனத்து மீன்கள் சாகக்கூடும். அப்படியானால் அந்த ஒரு மில்லி, 50,000 லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். பாட்டில் மூடி ஒன்று பத்து மில்லியாவது பிடிக்கும். சேறும் பாசியும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் கணக்கு அப்படியே பலிக்காது. ஆனாலும் வடிகாலில் மூடி மூடியாக ஊற்றிவிட்டுப் போகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சேறு இழுத்துக்கொள்ளும் என்றேனே, தண்ணீர் தெளிந்த ரகசியம் அங்கேதான் இருக்கிறது. இந்த வகை மருந்து தண்ணீரில் நிற்காது. மண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மீன்குஞ்சு தின்பதற்கான புழுவும் பூச்சியும் இருப்பது அதே அடியில்தான். செத்த மீனை எல்லோரும் எண்ணினார்கள். தட்டான் குஞ்சுகளை எண்ண யார் போனார்கள்? தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கிடந்து வளர்ந்த பிறகுதான் தட்டான் சிறகு முளைத்துப் பறக்கும். கொசுவுக்கு நம் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே விஷம் விழுந்த குளத்துக்கு முதலில் திரும்பி வருவது கொசு. தட்டான் குஞ்சு போல, கொசுப்புழுவைத் தின்கிற ஜீவன்கள் எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வரும். இந்த வருஷம் ஊருக்குள் கொசு அதிகம் என்று கடைசிப் பாராவில் நீங்கள் தனியாகப் புலம்பியிருந்தீர்கள். அது தனி விஷயம் இல்லை என்று தோன்றுகிறது.

தண்ணீரில் பூச்சிமருந்து கலந்த கதை வெளிநாட்டிலும் உண்டு. 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீரோடு டன் கணக்கில் பூச்சிமருந்து ரைன் நதியில் இறங்கியது. கூடவே சாயமும் போனதால் ஆறு சிவப்பாக ஓடியது. சுமார் 1,50,000 விலாங்கு மீன்கள் செத்தன. அடியில் கிடக்கிற மீன் விலாங்கு என்பதை மறக்காதீர்கள். ஆனால் ரைன் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு. விஷ நீர் சில நாட்களில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. கரையோர நாடுகள் கூடி உட்கார்ந்து, சால்மன் மீன் திரும்பி வரவேண்டும் என்று இலக்கு வைத்து வேலை செய்தன. மீனும் திரும்பி வந்தது. நம்மூர்க் கதை வேறு. மேற்கு மலையில் இறங்கும் நீர் குளம் குளமாய் நின்று நிரம்பித்தான் வைப்பாற்றுப் பக்கம் நகர்கிறது. மறுகால் பாயாத வருஷம் கொட்டியது கொட்டிய இடத்திலேயே கிடக்கும். பாய்ந்தாலோ கீழ்க்குளத்துக்காரர் தலையில் போய் விடியும்.

நிற்கிற தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை திறந்தார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அங்கே வந்து தேங்கியது. தண்ணீருக்காகக் கட்டிய அணையைத் 'திறந்துவிடாதீர்கள்' என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. ஆயக்கட்டுக்காரர்கள் நடத்திய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் ஊர் பேசியது. அதோடு வந்து மண்ணைக் கெடுத்த உப்புக்கு நிறம் கிடையாது.

எண்ணூரிலும் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, சேற்றில் தங்கியது ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குப் போனது. கூழைக்கடாக்கள் கருப்பு மை பூசினாற்போல நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னியிருப்பதால்தான் பறவைக்கு உடம்பு நனைவதில்லை. எண்ணெய் அந்தப் பின்னலைப் பிரித்துவிடும். பறவை குளிரில் விறைக்கும். அலகால் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். கோதிய எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மீனவர்கள் வாளியும் மக்குமாக எண்ணெயை அள்ளினார்கள். அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500 நிவாரணம் அறிவித்தது. முகத்துவாரச் சேற்றில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களின் பிழைப்பு, அந்தச் சேறு தேறினால்தான் தேறும். நிவாரணத்துக்குத் தேதி குறிக்கலாம், சேற்றுக்கு யார் குறிப்பது?

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். மறுபடி இப்படி நடந்தால் (நடக்க வேண்டாம்) முதல் சில மணி நேரம்தான் முக்கியம். மீன் மிதக்கும்போதே கழுவிய கண்ணாடி பாட்டிலில், மடையருகில் ஒன்றும் வாய்க்கால் வாயில் ஒன்றுமாகத் தண்ணீர் பிடித்து ஐஸில் வையுங்கள். இப்போதுதான் செத்த மீன் இரண்டையும் அதோடு சேருங்கள். நேரத்தை எழுதிவையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றைக்கே மனு போக வேண்டும். மூன்றாம் நாள் வருகிற அதிகாரிக்கு நாற்றம் மட்டும்தான் மிச்சமிருக்கும். நாற்றத்தை வைத்து யார்மீதும் வழக்குப் போட முடியாது.

குஞ்சு விடும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நைலான் கொசுவலையைத் தொட்டி மாதிரி தைத்து, நாலு கம்பு நட்டுத் தண்ணீருக்குள் கட்டுங்கள். வலையின் அடி சேற்றைத் தொடட்டும். இருபது ரோகு குஞ்சை அதில் விட்டு இரண்டு நாள் பாருங்கள். செத்தால் அந்த இருபதோடு நஷ்டம் போகட்டும். பிழைத்தாலும் அவசரப்படாமல், டீ வடிகட்டியைக் குச்சியில் கட்டி, கோரை ஓரத்துச் சேற்றை அரித்து வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். தட்டையான தலையோடு, ஆறு காலில் ஊர்ந்து போகிற பழுப்பு நிறப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தட்டான் குஞ்சு.

கண்ணில் பட்டால் ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள். எத்தனை என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்

பி.கு.: செத்த மீனைக் கருவாடு போட்டு வைத்திருக்கிறார்களாம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். யார் வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, ஆழமாய்க் குழி வெட்டி மூடச் சொல்லுங்கள்.