ஒட்டுக்கேட்க யார் கையெழுத்துப் போடுவது?

அன்புள்ள மகிழினி,

"போலீஸ் நினைத்தால் யார் போனையும் ஒட்டுக்கேட்கலாமா மாமா?" என்று எழுதியிருந்தாய். சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நல்ல கேள்வி!

நினைத்தவுடன் முடியாது. 1885-இல் வெள்ளைக்காரன் தந்திக்குப் போட்ட சட்டத்தின் 5(2) பிரிவுதான் பின்னாளில் தொலைபேசிக்கும் பொருந்தியது. பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். அப்போதுதான் அரசு காது கொடுக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்று வெகுகாலம் நடைமுறை விதி எதுவும் இருக்கவில்லை. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட கதை 1991-இல் பத்திரிகையில் வெளியாக, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-இல் தீர்ப்பு வந்தது: உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும், உத்தரவு இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, மறுஆய்வுக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும்.

நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்று மனுதாரர் தரப்பு கேட்டுப் பார்த்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான். கேட்பவர் அதிகாரி, கையெழுத்துப் போடுபவர் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி. அமெரிக்காவில் குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். நம் நாட்டில் 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் பழைய வழியிலேயே போகிறது.

அதனால்தான் 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை நீ படிக்க வேண்டும். 50 லட்சம் ரூபாய் லஞ்ச வழக்கு ஒன்றில், 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய ரகசியமாகக் கேட்பது பொது நெருக்கடியிலும் சேராது, பொதுப் பாதுகாப்பிலும் சேராது என்றார். பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்குப் போகவே இல்லை என்பதும் வெளிப்பட்டது. அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தவே கூடாது என்று உத்தரவிட்டார்.

அதற்குச் சில நாட்கள் முன்னால்தான், வேறொரு லஞ்ச வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது: பெரிய அளவிலான ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்குமாம். லஞ்சம் வாங்குகிறவன் தப்பக்கூடாது என்ற ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனாலும் நான் சென்னைத் தீர்ப்பின் பக்கம். தில்லி சொல்வதை ஏற்றால் எந்தக் குற்றத்தையும் 'பொதுப் பாதுகாப்பு' என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. உனக்கு எது சரியென்று படுகிறது, ஏன் என்று எழுது.

அன்புடன்,
மாமா