மடி வேறு, அயர்வு வேறு

வகுப்பில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது எளிது. ஆயின் வள்ளுவர் சோம்பலையும் நோயையும் ஒன்றாக்கவில்லை. மடியின்மையை 61ஆம் அதிகாரத்திலும், மருந்தினை 95ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். மடி உள்ளத்தின் குறை. அயர்வோ பெரும்பாலும் உடலின் முறையீடு. காரணம் அறிந்தபின்னரே தீர்வு நாடவேண்டும் என்பது மருந்து அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி நின்று மாணாக்கரின் அயர்வை ஈண்டு ஆராய்வோம்.

அயர்வின் காரணங்கள்

முதற்காரணம் காலையுணவு இன்மை. உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து காஞ்சிபுரத்திற்கோ செங்கல்பட்டிற்கோ பேருந்தேறிச் சென்று படிப்போர் அதிகாலையிலேயே புறப்படவேண்டியுள்ளது. இரவு ஒன்பது மணிக்கு உண்டவர், காலையில் தேநீர் மட்டும் பருகிச் சென்றால், நண்பகல்வரை பதினைந்து மணிநேரம் உணவின்றி இருக்கிறார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே, தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அது தொடக்கப்பள்ளிச் சிறார்க்குரியது. கல்லூரி மாணாக்கர் தம் காலையுணவைத் தாமே பேணிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது காரணம் இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது பெண்களுக்கு 100 மில்லிலிட்டரில் 12 கிராமுக்குக் கீழ்க் குறைந்தால் இரத்தசோகை எனப்படும். மாடியேறும்போது மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறம் வெளிறுதல், மனம் ஒருநிலைப்படாமை ஆகியன இதன் அறிகுறிகள். வெறுங்காலுடன் நடப்போர் உடலுள் பாதத்தின் வழியே புகும் கொக்கிப்புழுவும் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்.

மூன்றாவது காரணம் உறக்கக்குறைவு. பதின்பருவத்தினர்க்கு 8 முதல் 10 மணிநேரமும், பதினெட்டைக் கடந்தவர்க்கு 7 மணிநேரமேனும் உறக்கம் வேண்டும். நள்ளிரவுவரை கைப்பேசியில் ஆழ்வோர் இக்கணக்கை எட்டுவதில்லை.

எளிய பழக்கங்கள்

1. காலையில் கேழ்வரகுக் கூழோ, பழைய சோறோ, இட்டலியோ உண்டபின் புறப்படுக. நேரமில்லையெனில் கடலை உருண்டையேனும் பையில் இருக்கட்டும்.

2. முருங்கைக்கீரை, பயறு வகைகளை அடிக்கடி உண்க. உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பின் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். தேநீர் அதனைத் தடுக்குமாதலால் உணவுக்கும் தேநீர்க்கும் இடையே ஒருமணிநேரம் விடுக.

3. வயலுக்கும் கொல்லைக்கும் செருப்பணிந்து செல்க.

4. உறங்குமுன் கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிடுக.

5. இவற்றைக் கடைப்பிடித்தும் சில வாரங்களில் அயர்வு தீராவிடில், அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க.

முடிவுரை

பெற்றோரும் ஆசிரியரும், சோம்பேறி என்னும் சொல்லை உதிர்க்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. காலையில் சாப்பிட்டாயா? இரவு எத்தனை மணிக்கு உறங்கினாய்? இரத்தப் பரிசோதனை செய்துகொண்டாயா? இவற்றிற்கு விடை கிடைத்தபின்னும் எஞ்சி நிற்பது ஏதேனும் உண்டாயின், அதனையே மடி என்று கொள்ளலாம்.