வாடைக்காலத்துக் கடல் தொழிலும் சங்கத்தின் முன்னேற்பாடும்

உழவர் மழைக்கு முன்னரே வித்தையும் ஏரையும் சித்தம் செய்துகொள்ளுகின்றனர். மழை தொடங்கிய பிறகு கலப்பைக்குக் கொழு தேடுவோன் அவ்வருஷத்துப் பயிரை இழப்பான். இவ்வுண்மை கடல் தொழிலுக்கும் ஒக்கும். நம் கீழைக்கரையில் வாடைக்காலத்து லாபமும் நஷ்டமும் ஐப்பசி, கார்த்திகையில் கடலில் கிடைப்பனவாகத் தோன்றினும், அவை புரட்டாசியில் கரையிலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றன. வலை பழுதுபார்க்கப்பட்டதா? உப்பு வாங்கி வைக்கப்பட்டதா? தொழிலில்லாத நாட்களுக்குக் கையில் பணம் உண்டா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூறவல்ல குடும்பம் மழைக்காலத்தைத் தாண்டிவிடும். விடை கூறமாட்டாத குடும்பம் தை பிறக்கும்போது கடனுடன் நிற்கும். ஆகையால் மீனவர் ஐக்கிய சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய சில விஷயங்களை இப்பாடத்தில் கூறுவோம்.

1. பருவம் மாறும் விதம்

ஆனி முதல் ஆவணி வரையில் கச்சான் காற்று மேற்றிசையிலிருந்து வீசுகிறது. புரட்டாசிக் கடைசியில் அது தளர்கிறது. ஐப்பசி முதல் வாரத்தில், அதாவது அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டி, வடகிழக்கிலிருந்து வாடை எழுகிறது. தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது.

காற்று மாறுவதுடன் நீரோட்டமும் மாறுகிறது. மாசி, பங்குனியில் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீர், வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை முதலிய பேராறுகள் வங்கக் கடலில் கொட்டிய நன்னீர் இவ்வோட்டத்துடன் கலந்து நம் கரைக்கு வருவதால், மேல்நீரின் உப்புக்கரிப்புக் குறைகிறது.

குளிர் தேசங்களில் மாரிக்காலம் வந்தால் கடல் மிகக் குளிர்ந்து, பல மீன்கள் ஆழத்தை நாடிச் சென்றுவிடும். நம் கடலின் தன்மை வேறு. ஐப்பசித் தொடக்கத்தில் சுமார் 29 டிகிரி செண்டிகிரேட் வெப்பமுள்ள மேல்நீர், தை மாதத்தில் 26 அல்லது 27 டிகிரிக்குத்தான் இறங்குகிறது. ஆகவே நம் கரையில் தொழிலைத் தடுப்பது குளிரன்று. காற்றும் அலையும் புயலுமே. மீன் இருக்குமிடத்தை மாற்றுவனவும் ஆற்று வெள்ளமும் நீரோட்டமுமே என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

2. மீன் கரையை நெருங்கும் காரணம்

மழைவெள்ளம் வரும்போது மணல்மூடிக் கிடந்த முகத்துவாரங்கள் திறந்துகொள்ளுகின்றன. வெள்ளம் வண்டலையும் சத்துக்களையும் கடலிற் சேர்க்கிறது. அவற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பெருகுகின்றன. கவலை, நெத்திலி முதலிய சிறுமீன்களுக்கு இவையே ஆகாரம். சிறுமீன் கூட்டத்தைத் தொடர்ந்து வஞ்சிரம் முதலிய பெருமீன்களும் வருகின்றன.

இரண்டாவதாக, பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற உப்பங்கழிகளில் வளர்ந்த இளம் இறால்கள் வெள்ளத்துடன் கடலுக்கு வெளியேறுகின்றன. சினைமுதிர்ந்த மடவை மீனும் முட்டையிடும்பொருட்டு முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குச் செல்லுகிறது. ஆகையால் நல்ல மழைக்குப் பிந்திய வாரங்களில் முகத்துவாரத்தை அடுத்த கடலில் தொழில் நன்றாக நடப்பதுண்டு.

மூன்றாவதாக, நீர் கலங்கியிருப்பதால் வலை மீனின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. தெளிந்த நீரில் இருட்டு இரவிலேயே நன்கு பிடிக்கும் செவுள்வலை, கலங்கல் நீரில் பகலிலும் பலன் தரும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வாடைக்காலத்தில் சிறு படகுக்காரர் நெடுந்தூரம் செல்லவேண்டிய அவசியம் குறைவு. மழை விட்டு, காற்று அமர்ந்த இடைநாட்களில், கரைக்கு அண்மையிலேயே சிறு நேரத் தொழில் செய்து திரும்புவதே அறிவுடைமை. ஆயினும், பெருவெள்ளம் இறங்கும் நாட்களில் மரங்களும் குப்பைகூளங்களும் வலையைக் கிழிக்கும். அந்நாட்களில் முகத்துவாரத்தருகே வலையிடலாகாது. சிறு கண்ணுள்ள வலையால் இறாற்குஞ்சுகளை வாரிவிடுவதும் கூடாது. இன்று விலையில்லாத குஞ்சு, சில மாதங்களில் நல்ல விலைக்குரிய இறாலாகும். அதனை அழிப்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

3. வடகடலும் தென்கடலும்

இராமேசுவரம், பாம்பன் பக்கத்து மீனவர் பருவத்தை அறிந்து இடம் மாறுவதை மற்றக் கரையினரும் கவனிக்கத்தகும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாவும், தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. வாடை வீசுங்கால் ஆழமற்ற வடகடல் கொந்தளிக்கும். நிலத்தின் மறைவில் தென்கடல் ஒப்புநோக்க அமைதியாயிருக்கும். கச்சான் காலத்தில் இந்நிலை தலைகீழாகும். ஆகவே அவர்கள் வாடைக்காலத்தில் தென்கடலிலும், கச்சான் காலத்தில் வடகடலிலும் தொழில் செய்வது வழக்கம். காற்றுடன் மல்லுக்கு நில்லாமல், காற்றுக்கு மறைவான இடத்தை நாடுவது பரம்பரை அனுபவத்தால் விளைந்த ஞானம். இவ்வாறு மறைவான இடம் இல்லாத சோழமண்டலக் கரையினர், தொழிலுக்குரிய நாட்களைத் தெரிந்தெடுப்பதிலேயே தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டவேண்டும்.

4. புயல்

வங்கக் கடலில் புயல்கள் சித்திரை, வைகாசியிலும், பின்னர் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் மிகுதியாக உண்டாகின்றன. நவம்பர் மாதமே இவற்றுள் கொடியது. ஆயினும் கார்த்திகை கழிந்தால் அபாயமும் கழிந்தது என்று எண்ணலாகாது. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22, 23 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில், அதாவது மார்கழியில், வந்தது.

2017-ஆம் வருஷத்து ஒக்கிப் புயல் மற்றொரு பாடம் கற்பித்தது. நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாயிருந்தது, மறுநாட் காலையிலேயே கன்னியாகுமரிக் கடலில் புயலாயிற்று. பல நாள் தங்கித் தொழில் செய்யும்பொருட்டு முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பல குடும்பங்கள் தலைவரை இழந்தன. எச்சரிக்கைக்குப் பின் போகாதிருத்தல் மாத்திரம் போதாது. எச்சரிக்கைக்கு முன் போனவரை அழைக்கவும் வழி வேண்டும் என்பதே இதன் கருத்து. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்துக்கு அருகே கரைகடந்த கஜா புயலுக்கு முன்னறிவிப்பு இருந்தது. எனினும் கரையில் நிறுத்தியிருந்த பெருந்தொகையான படகுகள் சேதமுற்றன. படகைக் கரையேற்றினால் மட்டும் போதாது. மேட்டில் ஏற்றி, உறுதியாகக் கட்டவும் வேண்டும்.

துறைமுகங்களில் ஏற்றும் புயற்கூண்டின் எண்கள் 1 முதல் 11 வரையில் உள்ளன. 1, 2 எண்கள் தூரக் கடலில் உள்ள அபாயத்தைக் குறிப்பன. இவற்றைச் சிறிய எண் என்று சிலர் அலட்சியம் செய்கின்றனர். துறைமுகத்துக்குத்தான் அவ்வபாயம் தூரம். கடலுக்குள் செல்வோனுக்கு அது எதிரே நிற்பது. 8, 9, 10 எண்கள் பேரபாயத்தைக் குறிப்பன. 11-ஆம் எண் செய்திப் போக்குவரவே அறுந்துபோனதைக் குறிப்பது. கூண்டின்றியும், வானிலை இலாகாவார் மீனவருக்கென விடுக்கும் காற்று எச்சரிக்கையைச் சங்கக் காரியதரிசி தினந்தோறும் அறிந்து பலகையில் எழுதிவைத்தல் நலம்.

5. மழைநாளில் மீனைக் காத்தல்

ஒரே நாளில் எல்லாப் படகுகளும் கவலை மீனுடன் திரும்பினால் விலை வீழ்ந்துபோம். வெயிற்காலமாயின் மிஞ்சியதைக் கருவாடாக்கலாம். மழையில் அதுவும் இயலாது. ஆகவே வியாபாரி கேட்ட விலைக்கே கொடுக்க நேரிடுகிறது. இதனைத் தவிர்க்கும் வழிகள் மூன்று.

முதலாவது, பனிக்கட்டி. நம் வெப்பத்தில் மீனின் எடைக்குச் சமமான எடை பனிக்கட்டி வேண்டும். கட்டியை நன்றாக உடைத்து, மீன் ஓர் அடுக்கும் பனி ஓர் அடுக்குமாக இடவேண்டும். உருகிய நீர் வடிந்தோட வழி இருத்தல் அவசியம்.

இரண்டாவது, உப்பு. குடல் நீக்கிச் சுத்த நீரில் கழுவிய மீன் 4 பங்குக்கு உப்பு 1 பங்கு என்பது நல்ல கணக்கு. அதாவது 100 கிலோ மீனுக்கு 25 கிலோ உப்பு. உப்பு வரி இருந்த காலத்தில் மீன் உப்பிடும் சர்க்கார் கூடங்களில் வரியில்லா உப்பு அளிக்கப்பட்டு வந்தது. அவ்வரி 1947-ல் நீங்கிவிட்டது. இன்று தடையாயிருப்பது உப்பின் விலையன்று; உரிய நாளில் உப்பு கைவசம் இல்லாமையே. மழை தொடங்கிய பின் நல்ல உலர்ந்த உப்பு கிடைப்பது அரிது. புரட்டாசியிலேயே சங்கம் மொத்தமாக வாங்கி, ஈரம் புகாத இடத்தில் சேமிக்கவேண்டும்.

மூன்றாவது, வெயில் தேவையில்லாத பதம். குடல் நீக்கிய அயிலை முதலிய மீன்களின் வயிற்றில் உப்பும் ஒரு துண்டு குடம்புளியும் வைத்துப் பீப்பாயில் அடுக்கி, அவற்றினின்று ஊறும் உப்புநீரிலேயே அமிழ்ந்திருக்கச் செய்வது கொழும்புப் பதம் எனப்படும். இலங்கைக்கு இவ்வாறு பதமிட்ட மீன் நெடுங்காலம் ஏற்றுமதியாயிற்று. மழைநாட்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. வெயில் எறிக்கும் இடைநாட்களில் கருவாடு உலர்த்துவோரும் மணலிற் பரப்பாமல், உயர்ந்த பரண்களில் உலர்த்துவாராயின் ஈரமும் மணலும் ஒட்டா. சரக்கும் நல்ல விலை பெறும். இத்தொழிலில் ஈடுபடுவோர் பெரும்பாலும் பெண்மக்களாதலால், அவர்களையும் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ப்பது அவசியமாம்.

6. கடனும் அபாயமும்

சென்னை மாகாணத்தில் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கைகளை 1895, 1897 வருஷங்களில் எழுதியவர் சர் பிரெடெரிக் நிக்கல்ஸன். 1907-ல் மீன் இலாகா தொடங்கியபோது அதனை ஊதியமின்றி நடத்தியவரும் அவரே. நாணய சங்கமும் மீன் தொழிலும் ஒருவர் கையிலேயே தொடங்கியது பொருத்தமே. கடன் தீராமல் மீனவனுடைய தொழில் சீர்ப்படாது.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் வலைக்காக வியாபாரியிடம் 20,000 ரூபாய் முன்பணம் பெறுகிறார். வட்டி இல்லை என்பது பேச்சு. ஆனால் மீனை அவ்வியாபாரிக்கே கொடுக்கவேண்டும், நூற்றுக்குப் பத்து கழிவும் தரவேண்டும். நான்கு மாதத்தில் 2,00,000 ரூபாய் மீன் விற்றால், கழிவு மாத்திரம் 20,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கிறது. அதே தொகையைச் சங்கத்தில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குப் பெற்றால், நான்கு மாத வட்டி 800 ரூபாய். வித்தியாசம் 19,200 ரூபாய்.

பணநஷ்டத்தினும் பெரிய கேடு ஒன்று உண்டு. முன்பணம் வாங்கியவரால் கரையில் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. காற்று பலக்கிறது என்று அறிந்தும், வீட்டில் அரிசி இல்லாமையாலும் வாசலில் கடன்காரர் நிற்பதாலும் படகைத் தள்ளுகிறார். புயற்கூண்டின் பொருள் அவருக்குத் தெரியாததன்று. அதற்குக் கீழ்ப்படிய வசதியில்லை. ஆகையால் பத்து நாள் சாப்பாட்டுக்குரிய சேமிப்பு, உயிர்காப்பு மிதவைச் சட்டைக்குச் சமமான பாதுகாப்பாகும்.

மத்திய, மாநில சர்க்கார்கள் வகுத்த மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இக்கருத்தையே தழுவியது. அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்க்கும் 1,500 ரூபாயுடன் சர்க்கார்கள் 3,000 ரூபாய் சேர்த்து, தொழில் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாக அளிப்பது அதன் ஏற்பாடு. இதனுடன் நில்லாமல், ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பங்கைச் சங்கமே பிடித்து வைப்பது சிறந்தது. 1980-ல் ஏற்பட்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த கிராமச் சங்கங்கள் விற்பனை, கடன், சேமிப்பு மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்து நடத்திக் காட்டியுள்ளன. ஏலம் சங்கத்தின் கையில் இருந்தால் கடனும் தானே வசூலாகும்; சேமிப்பும் தானே வளரும்.

7. மாதவாரியாகச் செய்யவேண்டியவை

ஆவணி: வலை, இயந்திரம் இவற்றுக்கு எவருக்கு எவ்வளவு கடன் வேண்டும் என்று கணக்கெடுத்தல், கடனை இம்மாதத்திலேயே அளித்தல்.

புரட்டாசி: வலை, கயிறு, மிதப்பு, நங்கூரம், இயந்திரம் யாவற்றையும் சோதித்தல். நைலான் வலையை வெயிலில் போடாமல் நிழலில் வைத்தல். உப்பும் பீப்பாய்களும் வாங்குதல்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: கடல் செல்லும் ஒவ்வொரு படகின் பெயர், ஆட்தொகை, செல்லும் திசை, திரும்பும் நேரம் ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் பதிதல், திரும்பாத படகைப்பற்றி உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தல்.

தை: வாடைக்காலக் கணக்கை மகாசபையில் வாசித்தல், அடுத்த வருஷத்துச் சேமிப்பைத் தொடங்குதல்.

சங்கக் கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. வாடைக்காலத்தில் மீன் கரையை நெருங்குவதற்குக் காரணங்கள் யாவை?

2. புயற்கூண்டு 1-ஆம் எண் ஏறியிருக்கும்போது கடல் செல்வது ஏன் தகாது?

3. 60 கிலோ மீனுக்கு எவ்வளவு உப்பு வேண்டும்?

4. நம் சங்கத்தில் பத்து நாள் கடலுக்குப் போகாமல் குடும்பம் நடத்தக்கூடியவர் எத்தனை பேர்? மற்றவர்களுக்குச் சங்கம் செய்யக்கூடியது யாது?

நான்காம் வினாவுக்கு விடை புத்தகத்தில் இல்லை. அங்கத்தினர்கள் கூடி, ஒவ்வொரு வீட்டையும் நினைத்துப் பார்த்து, வாடை எழுமுன் அவ்விடையைக் கண்டுபிடிக்கவேண்டும்.