உறுமலைக் கேட்டு வாங்குங்கள்: பழைய பேஸ் ஆம்ப்ளிஃபயரின் இயற்பியல்

மாணவர்களே, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கிட்டார் கையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர்தான் இல்லை. புதியதற்குப் பணம் போதாது. பழையது ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால், பணத்தைக் கொடுக்கும் முன் இயற்பியல் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது உங்கள் பணத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை நம் காது எளிதில் உணர்வதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். எனவே, மற்றக் கருவிகளுக்கு ஈடாக ஒலிக்க பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கு அதிகத் திறன் வேண்டும். அதிகத் திறன் என்றால் பெரிய மின்மாற்றி, பெரிய மின்தேக்கிகள், அதிக வெப்பம். பழுதுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் பின்புறத்தைப் படியுங்கள்

பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். மலேசியாவின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவி 100 வோல்ட்டில் இயங்குவது. அதை நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகினால் மின்னழுத்தம் 2.3 மடங்காகும். மின்தடை மாறாத ஒரு கருவியில் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது 2.3 × 2.3, ஏறக்குறைய 5.3 மடங்கு. மின்மாற்றியின் நிலை இன்னும் மோசம். அதன் இரும்பு உள்ளகம் காந்த நிறைவு அடைந்ததும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும். இத்தகைய கருவியை வாங்கினால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, ஸ்பீக்கர் துளையருகே உள்ள ஓம் அளவைப் பாருங்கள். குறைந்தது 4 ஓம் என்றிருந்தால், 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் பொருத்தலாம். மொத்தம் 4 ஓம்தான். 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பொருத்தினால் 2 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் இரட்டித்து, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வெந்துவிடும்.

உறுமல் சொல்லும் செய்தி

இப்போது கருவியை இயக்கச் சொல்லுங்கள். கிட்டார் கம்பிவடத்தைக் கழற்றிவிட்டு, ஒலி அளவைச் சுழியத்தில் வைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் வருகிறதா?

வந்தால், கோளாறு பெரும்பாலும் கருவிக்குள்ளே, மின்வழங்கிப் பகுதியில் இருக்கிறது. ஐந்தாம் படிவத்தில் படிக்கும் முழு அலைத் திருத்தியை நினைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தின் இரு பாதிகளையும் டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அதனால் நொடிக்கு 100 மேடுகள் உருவாகின்றன. அவற்றின் இடையிலுள்ள பள்ளங்களை நிரப்புவதுதான் மின்தேக்கியின் வேலை.

இந்த மின்தேக்கியினுள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்கிறது, கொள்ளளவு குறைகிறது. 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியிலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 10 மில்லிநொடி எடுத்தால், மின்னழுத்தம் 2 வோல்ட் சரியும். அதே மின்தேக்கி உலர்ந்து 2,000 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் 10 வோல்ட் சரியும். அந்தச் சரிவும் ஏற்றமும் 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும்.

உறுமல் 100 ஹெர்ட்ஸா, 50 ஹெர்ட்ஸா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். பேஸ் கிட்டாரின் மெல்லிய கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். தடித்த கம்பியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் 49 ஹெர்ட்ஸ். உறுமல் முதலாவதோடு ஒத்துப்போனால் மின்தேக்கிமீது சந்தேகம் கொள்ளலாம். கிட்டார் வடத்தைச் செருகியதும்தான் உறுமல் வருகிறது, அதுவும் இரண்டாவதோடு ஒத்துப்போகிறது என்றால், வடத்திலோ எர்த் இணைப்பிலோ கோளாறு இருக்கலாம்.

குமிழைத் திருகும்போது மட்டும் ‘கரகர’ என்றால் கவலை வேண்டாம். உள்ளே தூசி படிந்திருக்கலாம். சுத்தம் செய்தால் போதும். கருகிய வாடை வந்தால் மின்மாற்றி எரிந்திருக்கக்கூடும், அதை வாங்காதீர்கள்.

எர்த் கம்பியை வெட்டாதீர்கள்

உறுமலை நிறுத்த எர்த் கம்பியைத் துண்டிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உறுமல் நிற்கவும் கூடும். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிட்டாரின் உலோகக் கம்பிகள் வடத்தின் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்துள்ளன. உள்ளே மின்கம்பி ஒன்று கழன்று சட்டத்தைத் தொட்டால், எர்த் வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் உருகும், நீங்கள் தப்பிப்பீர்கள். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் உங்கள் விரல் நுனியில் காத்திருக்கும். மறு கையால் மைக்கைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சின் வழியே பாயும்.

ஸ்டோன் தி குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் சுவான்சீ நகர மேடையில், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். எர்த் முள் உடைந்த மூன்றுமுள் பிளக்கைக் கண்டால், மாற்றும்வரை கருவியை இயக்கவே கூடாது.

மல்டிமீட்டர் சோதனை

டிரான்சிஸ்டர் வகைக் கருவியானால், ஸ்பீக்கரைக் கழற்றி, வெளியீட்டில் நேர்த்திசை மின்னழுத்தத்தை அளந்து காட்டுமாறு விற்பவரிடம் கேளுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 40 வோல்ட் காட்டினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் பழுதாகியிருக்கலாம். அதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 200 வாட் வெப்பம் அதன் கம்பிச்சுருளைக் கருக்கிவிடும். வால்வு வகைக் கருவியில் இச்சோதனை கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெடலாம்.

பெட்டியைத் திறப்பது யார்?

நீங்கள் அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 70 வோல்ட்டில் 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 24.5 ஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது. இரண்டரைக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது. வால்வு வகைகளில் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும்.

தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மஸ்ஜித் ஜாமேக்கிலிருந்து எல்.ஆர்.டி.யில் சில நிலையங்கள் சென்றால் புடு. அங்குள்ள ஜாலான் பாசார் மின்னணு உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. புதிய மின்தேக்கி வாங்கும்போது 85 டிகிரிக்குப் பதிலாக 105 டிகிரி செல்சியஸ் குறித்ததைக் கேளுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால், மற்றவை சமமாக இருக்க, 20 டிகிரி வேறுபாடு நான்கு மடங்கு ஆயுள் தரும். நம் நாட்டு வெயிலுக்கு அது பயனுள்ள முதலீடு.

உங்கள் பயிற்சிக்கு: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்னழுத்தம் எவ்வளவு? மின்னோட்டம் எவ்வளவு? (விடை: 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர்.) இதே மின்னழுத்தத்தில் 2 ஓம் இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவாகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். டிரான்சிஸ்டர் ஏன் வெந்துபோகிறது என்பது அந்த விடையிலேயே தெரியும்.