ஏறும் முன் இறங்கப் பழகுவோம்

விளையாட்டு விழா என்றதும் உங்கள் கண்முன் முதலில் வந்து நிற்பது எது? எங்களைக் கேட்டால், மூன்றடுக்குப் பிரமிடுதான் என்போம். கீழ் அடுக்கில் ஆறு பேர் மண்டியிட, அவர்கள் முதுகின்மேல் மூவர் நிற்க, உச்சியில் ஒரு சிறுமி கொடியுடன் எழுந்து கை விரிப்பாள். பேண்டு முழங்கும், பெற்றோர் கை தட்டுவர். அந்த உச்சிச் சிறுமி பின் எப்படிக் கீழே வந்தாள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. சென்ற ஆண்டு வரை நாங்களும் கவனித்ததில்லை.

சென்ற ஆண்டு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஒத்திகையின்போது, எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி உச்சியிலிருந்து குதித்தாள். கீழே சிமெண்டுத் தரை. முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கியவள் நிலைதடுமாறிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. ஏறுவதை மூன்று வாரம் பழகியிருந்தோம். இறங்குவதை ஒரு நாளும் பழகவில்லை. மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்து, "பொட்டப்புள்ளைக்குக் கை கால் ஊனமாயிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டபோது எங்களில் ஒருவராலும் தலை நிமிர முடியவில்லை.

இந்த ஆண்டு பிரமிடு உண்டா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. உடற்கல்வி ஆசிரியை எங்களை அழைத்து, "கல்லூரிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி புதிய பருவத்துக்கு எப்படித் தயாராகிறது என்று படித்து எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்" என்றார். காட்டுப்பள்ளியிலிருந்தும் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் ஒரே பேருந்தில் வரும் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து படித்தோம். படித்ததில் ஒரு பகுதியே இக்கட்டுரை.

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு பிரிவுகள் உண்டு. தாவுமேசையை நோக்கி ஓடி வந்து, அதில் கை ஊன்றிக் காற்றில் சுழன்று இறங்குவது ஒன்று. உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகளில் ஊசலாடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வது இன்னொன்று. பன்னிரண்டு மீட்டர் சதுரத் தரையில் இசைக்கேற்பச் செய்யும் தரைப்பயிற்சி மற்றொன்று. எங்களை மிகவும் வியக்க வைத்தது சமநிலைக் கட்டை. அதன் நீளம் 5 மீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். உங்கள் அளவுகோலை எடுத்து 10 சென்டிமீட்டரை மேசைமீது குறித்துப் பாருங்கள். அந்த அகலத்தின்மேல் ஒரு பெண் பின்புறமாகக் கரணம் அடிக்கிறாள்! நாங்கள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நடந்து பார்த்தோம். வெறுமனே நடந்ததிலேயே ஏழு பேரில் நால்வர் கோட்டுக்கு வெளியே போனோம்.

நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி நடக்கிறது. ஆயினும் கல்லூரி மகளிர் அணிகளின் போட்டியை ஆயிரக்கணக்கானோர் அரங்கம் நிறைந்து பார்ப்பது அமெரிக்காவில்தான். அங்கே போட்டிப் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கல்லூரி திறப்பதோ ஆகஸ்டில். இடைப்பட்ட மாதங்களில் கைதட்டலும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அணி உருவாவது அந்த மாதங்களில்தான்.

முதலில் உடலுக்கு வலு ஏற்றுகிறார்கள். வயிறு, முதுகு, தோள், கணுக்கால் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. அடுத்து வித்தைகளைத் துண்டு துண்டாகப் பழகுகிறார்கள். இறங்குவது முதலில் நுரைத் துண்டுகள் நிரம்பிய பள்ளத்துக்குள். பிறகு தடித்த மெத்தையின்மேல். கடைசியில்தான் போட்டிக்குரிய மெத்தையின்மேல். துண்டுகள் கைவந்தபின் பாதி ஆட்டம், அதன்பின் முழு ஆட்டம். பருவம் தொடங்குமுன் தங்களுக்குள்ளேயே இரு பிரிவாகப் பிரிந்து ஒரு போட்டி நடத்திப் பார்ப்பதும் உண்டு. படிக்கும் பிள்ளைகள் என்பதால் பயிற்சிக்கு வரம்பும் இருக்கிறது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணிப் பயிற்சி கூடாது என்பது விதி. தேர்வில் குறிப்பிட்ட தரம் எட்டாதவர் போட்டியில் இறங்கவும் முடியாது. (இதைப் படித்ததும் கணக்கு ஆசிரியை மிகவும் மகிழ்ந்தார். உடற்கல்விப் பாடவேளையை அவர் இரவல் வாங்குவது மட்டும் குறையவில்லை!)

மதிப்பெண் முறை எங்களை வெகுநேரம் பேச வைத்தது. ஒவ்வொரு பிரிவிலும் அணியிலிருந்து ஆறு பேர் செய்வார்கள். அவர்களுள் சிறந்த ஐந்து பேரின் மதிப்பெண்களே கூட்டப்படும். ஒருவருக்கு உச்சம் 10. ஆக ஒரு பிரிவுக்கு 50, நான்கு பிரிவுக்கு 200. ஒருத்தி விழுந்தால் அவள் மதிப்பெண்ணை விட்டுவிடலாம். மற்ற ஐவர் அவளைத் தாங்கிக்கொள்வர். இரண்டாமவளும் விழுந்தாலோ அணியின் கணக்கில் அது ஏறிவிடும். ஆகவே முதலில் ஒருத்தி விழுந்தபின் கட்டைமேல் ஏறுகிறவளுக்குத்தான் மனவுறுதி மிகவும் தேவை. எங்கள் பிரமிடில் அப்படி விட்டுவிடத்தக்க ஆறாவது ஆள் யாரும் இல்லை. கீழே ஒருத்தி அசைந்தாலும் உச்சி ஆடும்.

இத்தகைய அணியில் நம்மவர் யாரேனும் உண்டா என்று தேடினோம். மோகினி பரத்வாஜ் என்பவரின் பெயர் கிடைத்தது. இந்தியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். படிப்பு முடிந்தபின், பயிற்சிச் செலவுக்காக வீடு வீடாகப் பிட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். சிறுமியர் கோலோச்சும் இந்த விளையாட்டில், 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தம் 25ஆம் வயதில் அமெரிக்க அணியில் இடம்பெற்று, அணிக்கான வெள்ளிப் பதக்கத்தில் பங்கு பெற்றார்.

இனி, எங்கள் ஐயத்துக்கு வருவோம். மெத்தை ஏன் இத்தனை முக்கியம்? விடை எங்கள் அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமான 'இயக்க விதிக'ளிலேயே இருந்தது. கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம். அதே விதி எங்கள் கால்களுக்கும் பொருந்தும் என்பது அதுவரை தோன்றவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தோம். 40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெண் 125 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்தால், தரையைத் தொடும்போது அவள் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். அவளது உந்தம் 200. காலை விறைப்பாக வைத்துச் சிமெண்டில் இறங்கி 0.05 வினாடியில் அவள் நின்றுவிட்டால், அந்த உந்தத்தை நிறுத்த வேண்டிய விசை 4000 நியூட்டன். அதாவது அவள் எடையைப்போல் பத்து மடங்கு. அதே பெண் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, மெத்தையில் அமிழ்ந்து, 0.25 வினாடியில் நின்றால் 800 நியூட்டன் போதும். எடையையும் சேர்த்தால் இரண்டு விடைகளும் சற்றுக் கூடும். எனினும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுதான். எங்கள் தங்கையின் மணிக்கட்டை முறித்தது அந்த 0.2 வினாடி! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்தபோது வகுப்பே அமைதியாயிற்று. அவளும் பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நம் நாட்டின் தீபா கர்மாகரைப் பற்றிப் படித்தபோது இது மேலும் விளங்கியது. திரிபுரா மாநிலம் அகர்தலாவில் 1993இல் பிறந்தவர். அவருக்குத் தட்டைப் பாதம். தாவி இறங்குகிறவர்களுக்கு அது பெருங்குறை. ஆறு வயதிலிருந்து பயிற்சி. தொடக்க காலத்தில் பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு செய்த உந்துபலகையில் பழகினார் என்று பத்திரிகைகள் எழுதின. பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியின் துணையுடன் அவர் தேர்ந்துகொண்டது 'புரோதுனோவா' என்னும் தாவல். மேசையில் கை ஊன்றி எழும்பி, காற்றில் இரண்டு முறை முன்கரணம் அடித்து, கண்ணுக்குத் தரை தெரியுமுன்பே இறங்க வேண்டும். உலகில் அதைச் செய்ய முன்வந்தவர்கள் ஒரு சிலரே. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக, அவர் அத்தாவலைச் செய்தார். மிகத் தாழ்ந்து, குந்தியபடி இறங்கினார். மதிப்பெண் 15.066, நான்காம் இடம். வெண்கலம் வென்றவருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.150 மட்டுமே.

இறங்கும் அந்த ஒரு நொடிதான் பதக்கத்தைக் கைநழுவச் செய்தது என்று எங்களில் சிலர் வாதிட்டோம். அந்த ஆழ்ந்த குந்தல்தான் அவர் முழங்காலைக் காத்தது என்று சிலர் வாதிட்டோம். வாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த ஆண்டே முழங்காலில் காயம்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2018இல் துருக்கியில் நடந்த உலகச் சேலஞ்ச் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024இல் தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ஓய்வு பெற்றார். ரியோவிலிருந்து திரும்பிய கையோடு முதுகலைத் தேர்வு எழுதச் சென்றாராம்! இச்செய்தியை அரசுத் தேர்வைக் காரணம் காட்டி எங்களை மைதானத்துக்கு விடத் தயங்கும் பெற்றோருக்கு மிக்க பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வட சென்னை என்றால் குத்துச்சண்டையும் கேரமும் என்பார்கள். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றபோது நாங்களும் துள்ளினோம். கேரத்துக்கு ஒரு பலகை போதும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இடம் வேண்டுமே! எங்கள் ஊரில் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும். சாலை முழுவதும் கண்டெய்னர் லாரிகள். குப்பமே இடம்பெயர்ந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிறுவர்கள் கிடைத்த சந்தில் பந்து ஆடிவிடுவர். வயதுக்கு வந்த பெண்பிள்ளை தெருவில் குதித்தால் ஊர் பேசும். ஆகவே எங்களுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு இடமில்லை. இந்த ஆண்டு பிரமிடு நின்றிருந்தால் எங்கள் குதியாட்டமும் அத்துடன் முடிந்திருக்கும்.

கட்டுரையை ஆசிரியையிடம் கொடுத்தோம். அவர் சிஸ்டரிடம் காட்டினார். மூன்று நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது: சிமெண்டுத் தரை கூடாது, முதல் மாதம் யாரும் யார் முதுகிலும் ஏறக் கூடாது, உச்சி ஆள் குதிக்காமல் அடுக்கடுக்காக இறங்க வேண்டும். ஜூலையில் தொடங்கினோம். முதல் நான்கு வாரமும் பெஞ்சின்மேல் ஏறிக் குதிப்பது, முழங்காலை மடக்குவது, தோள்பட்டையில் உருண்டு எழுவது, மறுபடி ஏறுவது, இவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துத் தவளைகள் என்றனர். கூப்பிடட்டும்.

மெத்தை வாங்கப் பணமில்லை. மணலைக் கொட்டிப் பார்த்தோம். விழுவதற்கு நல்லது, ஆனால் கால் புதைவதால் எழும்பிக் குதிக்க முடியவில்லை. பிறகு எங்கள் வீடுகளில் கிடந்த நைந்துபோன நைலான் வலைகளை அலசிக் காயவைத்து, மடித்து மடித்துச் சாக்குக்குள் திணித்தோம். மிதித்தால் அமுங்குகிறது, காலை எடுத்தால் மெல்ல எழுகிறது. மீன் வாடை மட்டும் முற்றும் போகவில்லை.

அந்தச் சாக்குகளின் வாயைத் தைக்க ஊசி கொண்டுவந்தவர், கை முறிந்த தங்கையின் அம்மா. வலை பின்னுகிறவர் கையல்லவா, தையல் இதுவரை ஒரு முடிச்சும் அவிழவில்லை. தைத்து முடித்து, மெத்தையின்மேல் தாமே ஒருமுறை ஏறி மிதித்துப் பார்த்தார். பிறகு ஆசிரியையிடம், "அரைப் பரீட்சை வரைக்கும் கீழ் அடுக்குதான் டீச்சர். அப்புறம் நானே வந்து பாக்குறேன்" என்றார். தங்கை இப்போது கீழ் அடுக்கில் இடமிருந்து இரண்டாவதாக மண்டியிடுகிறாள்.