சர்வர் பக்கம் திறக்கவில்லையா? எங்கிருந்து தொடங்குவது?

 

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகளில், சர்வர் பராமரிப்பைத் தேர்ந்தெடுப்போர் உண்டு. அவர்களுக்கான பாடம் இது.

மற்ற கணினிகள் கேட்கும் விவரங்களைத் தரும் கணினியே சர்வர். லினக்ஸ் சர்வரை பிரவுசர் வழியாகவே நிர்வகிக்க உதவும் இலவச மென்பொருள் வெப்மின். 1997 முதல் புழக்கத்தில் உள்ளது. ஒரு நாள் அதன் பக்கம் திறக்காவிட்டால், பவரை அணைத்துப் போடுவதும் அழித்து மறுபடி நிறுவுவதும் பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் காரணம் தெரியாமலே போகும்; சில வேளை தரவும் போகும். அந்தத் தரவு மருத்துவமனையின் நோயாளி விவரமாக இருக்கலாம், தொழிற்சாலையின் சம்பளக் கணக்காக இருக்கலாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. ஆகவே வரிசையாகப் பார்க்க வேண்டும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தருகிறோம்.

1. முகவரி: தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' இருக்கிறதா, இறுதியில் 10000 என்ற போர்ட் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. நுழைவு: எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிந்தால் சர்வர் ஓடுகிறது என்று பொருள். முடியாவிட்டால் மின்சாரம், கேபிள், நெட்வொர்க் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

3. நிலை: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் வெப்மின்' என்று கொடுங்கள். 'ஆக்டிவ்' என்று வந்தால் ஃபயர்வால் 10000-ஐ மறிக்கிறதா என்று பாருங்கள். 'ஃபெயில்ட்' என்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

4. இடம்: 'டிஎஃப் -எச்' என்று கொடுத்தால் டிஸ்க் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று தெரியும். 100 சதவீதம் என்றால் எழுத இடமின்றி மென்பொருள்கள் நின்றுபோகும். கண்ணில் பட்டதை அழிக்காதீர்கள். எது இடத்தை அடைத்தது என்பதை 'டியூ' கட்டளை காட்டும்.

5. பதிவு: 'வார்' ஃபோல்டருக்குள் உள்ள 'வெப்மின்' ஃபோல்டரில் 'மினிசர்வ்.எரர்' என்ற கோப்பு இருக்கும். அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகே 'ரீஸ்டார்ட்'.

பக்கம் நன்றாகத் திறந்தாலும் பதிப்பு எண்ணைக் கவனிக்க வேண்டும். 2018-ல் வெப்மினைத் தயாரிக்கும் கணினிக்குள்ளேயே யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் பகுதியில் தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் அது இருந்தது. 2019 ஆகஸ்டில் வெளிப்பட்டது, 1.930 பதிப்பில் நீக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. எனவே புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 10000 போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காமல், நிர்வகிப்பவரின் கணினிக்கு மட்டும் அனுமதியுங்கள்.

பழக, வீட்டில் கிடக்கும் பழைய கணினியே போதும். உபுண்டுவோ டெபியனோ இலவசமாகக் கிடைக்கும். வெப்மினை நிறுவிய பின், அண்ணன் அதை ரகசியமாக நிறுத்தட்டும், அல்லது போர்ட்டை மறிக்கட்டும். காரணத்தைத் தங்கை கண்டுபிடிக்கட்டும். பிறகு முறை மாறட்டும். பத்து முறை செய்தால், இன்ஷா அல்லாஹ், நேர்காணலில் "சர்வர் நின்றால் என்ன செய்வாய்?" என்று கேட்கும்போது ஐந்து படிகளும் தடுமாறாமல் வரும்.